வள்ளத்துத் தார்

ஆஸ்டின் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த நேசையனின் கண்ணில் மறுபடியும் தார்த்தூள் விழுந்தது. வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டான். போலீஸ் ஸ்டேஷன் வளாகம்.

காலையிலிருந்து சுரண்டுகிறான். தெற்குத் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று நடந்த ஊர்வலத்தில் மைக் கட்டிப் போன கார் இது. தடியடி தொடங்கியதும் நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடியவன் அவன்தான். ஸ்டேஷனில் வேறு மாதிரி சொல்லியிருந்தான்: வீட்டு முற்றத்திலிருந்து யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

போலீசுக்குப் பயந்து நம்பர் பலகைகளை ஊர்வலத்துக்கு முன்பே கழற்றியாயிற்று. எஞ்சின் நாகர்கோவிலில் மாற்றியது. அதன் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு சேராது. மிச்சம் சேஸிஸில் அடித்த நம்பர்தான். அதைக் காட்டினால் வண்டியை எடுத்துப் போகலாம் என்றிருந்தார் ஏட்டு கருணாகரன். வண்டி இல்லாவிட்டால் வாடகை ஓட்டம் இல்லை, அடுப்பும் எரியாது.

பொழியூரில் மச்சினன்மார் மீன்பிடி வள்ளத்துக்குப் பூசும் தாரையும் மீன் எண்ணெயையும் வருஷாவருஷம் வண்டிக்கு அடியிலும் பூசியிருந்தான். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று பயம். இரும்பு அப்படியே இருக்கிறது. நம்பரைத்தான் காணோம்.

மனைவி லீலாபாய் மண்ணெண்ணெய்க் குப்பியை உள்ளே நீட்டினாள். "வள்ளத்துக்கு அடிக்கியத காருக்கு அடிக்காதீயன்னு அப்பமே சொன்னேன்."

"அடிக்கச் சொன்னது உனக்க அண்ணனாக்கும். இன்னும் ஒரு கோட்டு போடும் அளியான்னு."

"அண்ணனுக்க வள்ளத்துக்கு நம்பர் கிடையாதே."

ஏட்டு பழத்தோலை எறிந்துவிட்டுக் குனிந்தார். "எந்தா நேசையா, கிட்டியோ?"

"ஒரு நாலு தெரியுது சாரே. இல்லேன்னா ஒம்பது."

"தேடு மக்கா, நல்லா தேடு. இன்ஸ்பெக்டர் சாரும் அதுக்குத்தான் காத்திருக்காரு. மைக் கட்டின வண்டிக்கு ஓணரக் காணாம கேசு பாதியில நிக்கு. நம்பர் கிடைச்சா ஓணர்தான் ஒண்ணாம் பிரதி, முதல் குற்றவாளி ஆயாச்சு."

"களவு போச்சுன்னு எழுதித் தந்தேனே."

"அத நீ கோர்ட்டுல சொல்லு."

ஏட்டின் பூட்ஸ் விலகிப் போனது. நேசையனின் கை மட்டும் துணியை அதன்போக்கில் தேய்த்துக்கொண்டிருந்தது. நாலுக்குப் பக்கத்தில் ஏழு வந்தது. பிறகு மற்றவையும். மனப்பாடமான நம்பர். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. காலையில் இதற்காகத்தான் கர்த்தரைக் கூப்பிட்டிருந்தான்.

சுரண்டி விழுந்த தார் மண்ணெண்ணெயில் ஊறிக் குழைந்து கிடந்தது. அதைக் கட்டைவிரலால் எடுத்து ஒவ்வொரு இலக்கத்திலும் அழுத்தினான். பிறகு வெளியே ஊர்ந்து வந்தான்.

"நம்பர துரு தின்னுட்டு சாரே. பாத்தா எனக்க வண்டி மாதிரியும் இல்ல."

"காலையில சத்தியம் பண்ணினியே?"

"கறுப்பு வண்டி எல்லாம் ஒண்ணு போல இருக்கு."

ஏட்டு அவனுடைய கறுத்த கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டைத் தாண்டியதும் லீலாபாய் நின்றாள். "பின் சீட்டுல எனக்க குடை கிடக்கு."

"யாருக்க குடை?" என்றான் நேசையன். வெயிலில் நடக்கத் தொடங்கினான்.