நிமிர்த்தி வைத்த தொட்டி

நாகலெட்சுமிக்குக் கண்ணாடி கைவந்த வேலை. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில் அவளும் புருஷன் சிவசாமியும் கடை வைத்திருந்தார்கள். சாமிப் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் அடிப்பது சிவசாமி. கண்ணாடி வெட்டுவது அவள். கல்யாணமான புதிதில் அவன் வெட்டியதெல்லாம் ஓரம் கோணிப் போவதைப் பார்த்துவிட்டு, "குடுங்க இப்படி" என்று கட்டரை வாங்கியவள், இருபது வருஷமாகியும் திருப்பிக் கொடுக்கவில்லை. தோட்டத்துப் பங்களாக்களில் ஜன்னல் உடைந்தால்கூட "அந்தம்மா வெட்டினதுதான் வேணும்" என்று ஆள் அனுப்புவார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஜூலை மாத மழையில், தயானி டீச்சர் ஒரு பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். உயிரியல் படிப்பிக்க வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தாள்.

"அக்கா, மீன்தொட்டி மாதிரி ஒண்டு செய்து தர ஏலுமோ?"

"தாராளமா. என்ன மீனுங்க டீச்சர்?"

"மீன் இல்லை. தவளை."

டின்னின் மூடியைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். காய்ந்த தேயிலை நிறத்தில் இரண்டு தவளைகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விரல் நுனியெல்லாம் பொட்டு வைத்தாற்போல் உருண்டையாக இருந்தது. நாகலெட்சுமி இரண்டு அடி பின்னால் போனாள். பாம்பு, தேள், அட்டை எதற்கும் பயப்படாதவள். தவளை மட்டும் அவளுக்கு ஆகாது. அந்தக் குளிர்ந்த ஈரத்தோல் மேலே படுவதை நினைத்தாலே உடம்பு கூசும்.

அறை கொடுத்த வீட்டுக்காரர் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்து, அதன் மேல் சாய்ந்திருந்த கொய்யா மரத்தையும் வெட்டிவிட்டாராம். போக்கிடமில்லாமல் இந்த இரண்டும் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டன. அவர் அவற்றின்மேல் கொட்ட உப்பை அள்ளிக்கொண்டு வந்த நேரம் பார்த்துத் தயானி டின்னில் பிடித்துப் போட்டுவிட்டாள்.

"நாலு நாளா இதுக்குள்ளைதான் கிடக்குதுகள். பாவமா இருக்கு அக்கா."

"அளவைச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்" என்றாள் நாகலெட்சுமி. பிடிக்காவிட்டால் என்ன, கண்ணாடி வேலை கண்ணாடி வேலைதான்.

இரண்டடி நீளம், ஓரடி உயரம் என்று டீச்சர் சொன்ன அளவில் நல்ல தொட்டியாக ஒன்று செய்து முடித்தாள். தயானி தவளைகளைக் கொண்டுவந்து உள்ளே விட்டு, வாயைத் துணியால் மூடிக் கட்டினாள். இரண்டு தவளைகளும் நீளத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று கண்ணாடியில் ஏறி, மேல் மூலையில் தலை இடிக்க, கால் மடங்கி உட்கார்ந்துகொண்டன. மறுநாளும் அதே மூலைதான்.

"பிழை என்ரை" என்றாள் தயானி. முகம் வாடிவிட்டது. "இதுகள் மரத்திலை இருக்கிற சாதி. நிலத்திலை என்ன அலுவல் இதுகளுக்கு? மீன்தொட்டியையே நினைச்சுக்கொண்டு அளவைச் சொல்லிப்போட்டன்."

நாகலெட்சுமி தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "டீச்சர், அதுகளை டின்னுல போடுங்க" என்றாள். போட்டதும் தொட்டியைத் தூக்கிக் குறுக்குப் பக்கமாக நிமிர்த்தி வைத்தாள். ஓரடி உயரம் இரண்டடியாகிவிட்டது. மேலே திறந்திருந்த வாய் இப்போது முன்பக்கம் வந்துவிட்டது. "இந்த வாயிக்கு ஒரு கதவு போட்டா சரியாப் போச்சு."

தயானி சிரித்த சிரிப்பில் சட்டம் அடித்துக்கொண்டிருந்த சிவசாமியும் நிமிர்ந்து பார்த்தான்.

அதன் பிறகு இரண்டு பெண்களும் மும்முரமாக இறங்கிவிட்டார்கள். கதவின் மேல்பக்கம் காற்றுப் போக ஒரு பட்டை வலை. கம்பி வலை என்றால் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்துவிடும் என்று தயானி சொன்னதால், கொசுவுக்குக் கட்டுகிற நுளம்பு வலை. சிவசாமி கதவுச் சட்டத்துக்கு வார்னிஷ் அடிக்கத் தூரிகையை எடுத்தபோது இரண்டு பேரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள். தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கும், தோலில் எது பட்டாலும் உள்ளே போய்விடும் என்று டீச்சர் விளக்கினாள். அப்படியானால் ஒட்டிய பசை வாசம் போகிற வரைக்கும் ஒரு வாரம் காயட்டும் என்றாள் நாகலெட்சுமி. அது டீச்சருக்குத் தெரியாத சங்கதி. தேயிலை மலையில் பிடுங்கும் செடியில் மருந்து அடித்திருப்பார்கள் என்று, ஓடைக்கரையிலிருந்து ஈரத்தில் வளரும் பன்னச்செடியும் ஒரு காட்டுக்கொப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக மழைத் தண்ணீர். இரைக்குப் பஞ்சமே இல்லை. கொழும்பிலிருந்து கண்ணாடித் தகடுகள் வைக்கோல் சுற்றித்தான் வரும். கடையின் பின்னறையில் குவிந்து கிடந்த வைக்கோலைக் கிளறினால் போதும், வெட்டுக்கிளியும் சில்வண்டும் துள்ளி ஓடும்.

வீட்டுக்காரர் தவளையை வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று நின்றதால், பெட்டி கடையிலேயே தங்கிவிட்டது. முன்பக்க மேசை மேல், தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்தார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தயானி வந்து இரை போட்டுத் தண்ணீர் மாற்றுவாள். நாகலெட்சுமி பக்கத்தில் நின்று யோசனை சொல்வாளே தவிர, உள்ளே கை விட்டதில்லை.

ஆகஸ்ட் விடுமுறை வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகவேண்டும், சண்டை நின்று பாதை திறந்திருக்கிற காலத்தில் போகாவிட்டால் எப்போது போவது என்றாள் தயானி. இரண்டு கிழமை, பதினாலு நாள்.

"பாப்பியளோ அக்கா?"

"போய்ட்டு வாங்க டீச்சர். ஒண்ணும் ஆகாது."

அன்றிலிருந்து சில்வண்டை ஒரு போத்தலில் பிடித்து, கதவை விரல் கனம் திறந்து உள்ளே கவிழ்த்துவிடுவாள். தண்ணீரை நீளமான புனல் வைத்து ஊற்றுவாள். தொடாமலே எல்லாம் நடந்தது.

ஐந்தாம் நாள் காலை மழை விட்டு, பளீரென்று வெயில் அடித்தது. நாகலெட்சுமி கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குக் கடைக்கு வந்தபோது, வெயில் நேராகப் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கதவில் கை வைத்தாள். கொதித்தது. வலைக்குக் கீழே இரண்டு தவளைகளும் வெளுத்துப்போய், வாய் வலையில் ஒட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தன.

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கண்ணாடிக்குள் புகுந்த வெயில் லேசில் வெளியே வராது என்று அவளுக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை பார்த்தவள்தானே! மேலே மட்டும் ஓட்டை வைத்தால் காற்று எப்படி ஓடும்? கீழேயும் ஒரு வழி வேண்டும். கீழே குளிர்ந்த காற்று நுழைந்தால்தான் மேலே சூடு வெளியேறும்.

"என்னங்க, ஒரு கை பிடிங்க" என்று சிவசாமியைக் கூப்பிட்டுப் பெட்டியை வெயில் படாத பின்சுவர் ஓரமாக மாற்றினாள். கதவைக் கழற்றி அடியில் ஒரு பட்டையை வெட்டி எடுத்து, அங்கே வலை போடவேண்டும். அதற்கு முதலில் தவளைகளை வெளியே எடுத்தாக வேண்டும்.

சிவசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்கும் பயம்தான் லெச்சுமி. இத்தனை நாளும் உன்கிட்ட சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் வாளியில் இரண்டு கையையும் முக்கினாள். காய்ந்த கையால் தொட்டால் தோல் எரியும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்து, கண்ணை மூடாமல், பெரியதற்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். அது ஒரு கணம் தயங்கிற்று. பிறகு வலையை விட்டு, அவள் கையில் தொப்பென்று விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவள் எதிர்பார்த்த குளிர் இல்லை, சூடாக இருந்தது. அதன் வயிறு படபடவென்று அடித்துக்கொண்டது. நாகலெட்சுமியின் கூச்சம் அந்தப் படபடப்பில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே ஈரத்துணி விரித்த இன்னொரு வாளியில் இறக்கினாள். சின்னதையும் அப்படியே.

பசை தொடாமல் வலையை ஆணியாலேயே அடித்ததால், அரைமணி நேரத்தில் கதவு தயாராகிவிட்டது. ஊதுபத்தி ஒன்றைக் கீழ்வலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். புகை உள்ளே இழுபட்டு, கொப்பைச் சுற்றி ஏறி, மேல்வலை வழியாக வெளியே போயிற்று. அதன்பிறகுதான் புகையெல்லாம் போகும்வரை விசிறிவிட்டு, தவளைகளை உள்ளே விட்டாள். சாயந்தரம் இரண்டும் பழைய நிறத்துக்கு வந்திருந்தன. போத்தலை ஓரமாக வைத்துவிட்டு, சில்வண்டைக் கையாலேயே போட்டாள்.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை கடையைத் திறந்தவுடன் சிவசாமி கூவினான். "லெச்சுமி, இங்க வா! அதுக்கு வலிப்பு கிலிப்பு வந்து நுரை தள்ளிருச்சு போல!"

தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே, பக்கக் கண்ணாடியில், ஒரு கைப்பிடி அளவுக்கு வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. அவன் துணியால் துடைக்கப் போனான்.

"கைய எடுங்க!" என்றாள் நாகலெட்சுமி.

குனிந்து, கண்ணாடியின் வெளிப்பக்கமாகப் பார்த்தாள். நுரைக்குள் கடுகுகடுகாக, வெளிறிய மணிகள். பெரிய தவளையின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. யாரும் சொல்லித் தராமலே அவளுக்கு விளங்கிவிட்டது. மரத்திலே வாழ்கிற தவளை, தண்ணீருக்கு மேலே பார்த்து முட்டை இடுகிறது. பொரிகிற குஞ்சு தண்ணீரில் விழவேண்டும். இந்தச் சின்னக் கிண்ணம் எந்த மூலைக்கு? வீட்டிலிருந்து பெரிய எனாமல் தட்டத்தைக் கொண்டுவந்து, மழைத் தண்ணீர் ஊற்றி, நுரைக்கு நேர் கீழே வைத்தாள்.

ஆறாம் நாள் நுரை இளகி, கண்ணாடி வழியே வடியத் தொடங்கிற்று. அதோடு வால் ஆட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டத்தில் விழுந்தன. படம் வாங்க வந்த ஒரு சிங்கள அம்மா, வந்த வேலையை மறந்து "அனே!" என்று வாயில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

அடுத்த நாள் ரயிலில் வந்திறங்கிய தயானி, பையைத் தோளில் மாட்டியபடியே கடைக்கு ஓடிவந்தாள். முன்மேசை வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.

"பின்னால இருக்கு டீச்சர், வாங்க" என்றாள் நாகலெட்சுமி.

தயானி பெட்டியைப் பார்த்தாள். கீழ்வலையை விரலால் தடவினாள். தட்டத்தில் கறுப்புக் கறுப்பாக நெளிவதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இது நல்ல சுகமா இருந்தாத்தான் முட்டை விடும். நான் புத்தகத்திலைதான் படிச்சிருக்கிறன், கண்ணாலை கண்டதில்லை. இதை எப்பிடிச் செய்தனீங்கள்?"

நடந்ததையெல்லாம் நாகலெட்சுமி சொன்னாள். வெயிலில் விட்ட தப்பையும் மறைக்கவில்லை. சொல்லும்போதே பெட்டிக்குள் கையை விட்டு, தண்ணீரில் மிதந்த ஒரு பன்ன இலையை எடுத்து எறிந்தாள்.

"குஞ்செல்லாம் இங்க நிக்க ஏலாது, நூறுக்கு மேலை இருக்கும்" என்றாள் தயானி. "கால் முளைக்கேக்கை ஓடைக்கரையிலை கொண்டுபோய் விடுவம்."

"விடுவோம். அந்த ரெண்டும் இங்கதான் இருக்கும்" என்றாள் நாகலெட்சுமி. பிறகு சிவசாமியைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த மூணடிக் கண்ணாடிய எடுத்துக் குடுங்க. இது அதுகளுக்குப் பத்தாது."