ஏழாம் முடக்கு

இக்னேசியஸுக்கு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல் இருந்த நம்பிக்கை வேறு எதன் மேலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போவார், சத்தமாகப் பாட்டும் பாடுவார். ஆனால் பூசை முடிந்து வெளியே வந்ததும் முதலில் போய்த் தடவிப் பார்ப்பது பின்னால் பாரத்தட்டு வைத்த தன்னுடைய டீசல் கெப் வண்டியைத்தான். போன வருஷம் கினிகத்தேனை ஏற்றத்தில் பாரம் இழுத்து வந்தபோது, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று முள்ளை மதிக்காமல் மிதித்துவிட்டார். எஞ்சினின் ஹெட் வெடித்தது. மூன்று மாதம் வண்டி வீட்டு வாசலில் கல்லின் மேல் நின்றது. அந்த மூன்று மாதமும் அவரும் மனைவி யூஜினாவும் பட்ட பாட்டை எதிரிகூடப் படக்கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆனால் எஞ்சின் தேறாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். நாற்பத்தாறு வயதில், வண்டியோட்டுவதைத் தவிர இக்னேசியஸுக்கு ஒரு வேலையும் தெரியாது.

அப்படிப்பட்ட மனுஷன் இரண்டு தொன் எடையுள்ள கருங்கல் காளியம்மனை மலைமேல் இழுத்துப்போக எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டால், எல்லாம் புகழ்ச்சி செய்த வேலை. றொசல்லவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் மேல்கணக்கு என்ற பகுதியில் புதிதாகக் கோயில் கட்டியிருந்தார்கள். சிலை லொறியில் றொசல்ல வரைக்கும் வந்துவிடும். அதற்கு மேல் நாலு மைல் தோட்டத்து ரோடு, கொண்டை ஊசி போல் வளையும் பதினொரு முடக்கு. மண்சரிவில் ரோட்டின் பாதியை மலை விழுங்கிவிட்டதால் லொறி திரும்ப இடமில்லை. கோயில் தலைவர் ஆண்டியப்பன் நேரே வீட்டுக்கு வந்தார்.

"இந்தப் பாரத்த இழுக்க ஒங்கள விட்டா இந்தப் பக்கம் யாருங்க இருக்காங்க?" என்றார்.

இக்னேசியஸ் அங்கேயே குளிர்ந்துபோனார்.

குறித்த நாளில், நல்ல நேரம் முடிகிற பகல் பன்னிரண்டு மணிக்குள் சிலைக்கு முதல் நீராட்டு நடந்துவிட வேண்டும். அதற்காகக் காலை எட்டு மணிக்கே, கெப்பின் பின்னால் பூட்டிய ட்ரெயிலரில் சிலையை ஏற்றி, வைக்கோலும் சாக்கும் அண்டக் கொடுத்துக் கட்டிவிட்டார்கள். வண்டியின் முன்னால் இளவட்டங்கள் கூடி என்னமோ செய்துகொண்டிருந்தார்கள். இக்னேசியஸ் போய்ப் பார்த்தார். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகும் வலையை மூடி, ஆளுயரத்துக்கு அம்மன் படம் போட்ட பேனர். அதன் மேல் வேப்பிலையும் மாலையும் ஒன்றின் மேல் ஒன்றாக. பேனரின் அடியில் கொட்டை எழுத்தில் 'சாரதி: திரு. இக்னேசியஸ்' என்று போட்டு, பக்கத்தில் அவர் படம்கூட இருந்தது. எப்போதோ ஒரு கலியாண வீட்டில் எடுத்தது, நன்றாகத்தான் இருந்தது.

முன்பக்கத்தை இப்படி அடைத்தால் எஞ்சின் மூச்சு முட்டும் என்று நேற்று லைசன்ஸ் எடுத்தவனுக்குக்கூடத் தெரியும். இக்னேசியஸுக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு பேனரில் தன் பெயரைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. மெதுவாகப் போனால் சமாளிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

முதல் மூன்று முடக்கும் சும்மா சொல்லக்கூடாது, வண்டி கம்பீரமாக ஏறியது. முன்னால் தப்பு அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் போனது. நாலாவதில் முள் பாதியைத் தாண்டியது. ஐந்தாவதில் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டார். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்வதற்கு டிரைவர்மார் செய்கிற வேலை அது. எஞ்சின் தப்பியதோ இல்லையோ, இக்னேசியஸ் வெந்தார். ஏழாம் முடக்கின் நடுவில் முள் சிவப்பைத் தொட்டது. பொனட்டின் இடுக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது.

வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு எல்லாம் கல் வைத்தார்கள். தப்புச் சத்தம் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக ரோட்டில் மண்டி போட்டார்கள்.

"ஆத்தாவுக்கு மனசு வரலைங்க. ஏதோ கொற வச்சிட்டோம்," என்றார் ஆண்டியப்பன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு பூசணிக்காய ஒடைச்சுப் பாப்போமா?"

இக்னேசியஸ் போய் மாலைகளைக் கழற்றினார். பேனரின் கயிற்றை அவிழ்த்து, அம்மன் படம் மடங்காதபடி சுருட்டி, ஆண்டியப்பனின் கையில் கொடுத்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"கொற ஆத்தாகிட்ட இல்லீங்க தலைவரே. எங்கிட்டத்தான். இது காத்த அடைக்கும்னு தெரிஞ்சும், ஏம் பேரு இருக்கேன்னு பேசாம இருந்துட்டேன்," என்றார்.

வெட்கத்தில் அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. ஆண்டியப்பன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

பேனரை எடுத்தால் மட்டும் போதாது. ரேடியேட்டர் தண்ணீர் பாதிக்கு மேல் கொதித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த நாலு முடக்கும்தான் இருப்பதிலேயே செங்குத்து. மழைக்குப் பேர்போன அந்தப் பக்கமே அந்த வருஷம் காய்ந்து கிடந்தது. மலை ஊற்று எப்போதும் கொட்டிக்கொண்டிருக்கும் ரோட்டோரத்துப் பீலியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது.

"தண்ணி இல்லாம இதுக்கு மேல ஒரு அடி எடுக்க முடியாதுங்க. வண்டி போச்சுன்னா நானும் போச்சு. என்னய மன்னிச்சுக்கங்க," என்றார் இக்னேசியஸ்.

ஆண்டியப்பன் சிலையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, மேலே கோயிலில் இருந்த ராக்காயியைக் கூப்பிட்டார். ராக்காயி கொழுந்து பறிக்கிறவள். கோயிலில் பெண்கள் பக்கத்து வேலை எல்லாம் அவள் சொல்படிதான் நடக்கும். "ஏழாம் முடக்குல நிக்கிறோம்மா. வண்டிக்குத் தண்ணி வேணுமாம்," என்று மட்டும் சொன்னார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். யாரோ மேலே கைகாட்டினார்கள். இக்னேசியஸ் நிமிர்ந்து பார்த்தார். மலை உச்சியிலிருந்து தேயிலைக்கு நடுவே, குறுக்குப் பாதையில், பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மஞ்சள் சேலை. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். வரிசையின் முன்பாதி பக்கத்தில் வந்துவிட்டது, பின்பாதி இன்னும் உச்சியில்தான் இருந்தது. செருப்பில்லாத கால்கள் செங்குத்துப் படிக்கட்டில் ஓட்டமும் நடையுமாக இறங்கின. ஒரு குடம்கூடத் தளும்பவில்லை. இருபது வருஷமாக இந்த மலையில் வண்டியோட்டுகிறவர், அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றார்.

முன்னால் வந்த ராக்காயி, திறந்திருந்த பொனட்டைப் பார்த்ததும் குடத்தை இறக்கி எஞ்சின் மேலேயே சாய்க்கப் போனாள். தேர் இழுத்து வருகிறவர்களின் காலில் குளிரக் குளிர ஊற்றிப் பழகிய கை அது.

"ஐயோ தங்கச்சி!" என்று பாய்ந்து குடத்தைப் பிடித்தார் இக்னேசியஸ். "கொதிக்கிற எஞ்சின்ல பச்சத் தண்ணி பட்டா அப்பவே வெடிச்சிரும்!"

"அப்ப எங்கதான் ஊத்தணும்? சொல்லுங்கண்ணே."

இக்னேசியஸ் யோசித்தார். சூடு தணியக் காத்திருந்து, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, ரேடியேட்டரை நிரப்பினார். பிறகு பொனட்டை மூடிவிட்டு முன்பக்கத்து வலையைக் காட்டினார். வண்டி ஓட ஓட, அந்த வலை நனைகிற மாதிரி வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தால் சூடு மட்டுப்படும். மட்டுப்படும் என்றுதான் நினைத்தார்.

"முடக்குக்கு முடக்கு நிப்போம்," என்றாள் ராக்காயி.

அப்புறம் நடந்ததை இக்னேசியஸ் இன்றைக்குச் சொல்லும்போதும் குரல் மாறிவிடும். வண்டி முதல் கியரில் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் கூடவே நடந்து வலையில் ஊற்றினார்கள். குடம் தீர்ந்தவள் விலக, அடுத்தவள் அந்த இடத்துக்கு வந்தாள். ஆவி எழும்பி அவர்கள் முகத்தை மறைத்தது, மறுபடி காட்டியது. முள் சிவப்புக்கு ஒரு நூல் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. எட்டாம் முடக்கு, ஒன்பது, பத்து. பதினோராம் முடக்கு திரும்பிக் கோயில் வாசல் தெரிந்தபோது மணி பத்து.

ஆண்கள் கயிறும் கட்டையும் போட்டுச் சிலையை இறக்கிப் பீடத்தில் ஏற்றினார்கள். குலவைச் சத்தம் மலையெல்லாம் கேட்டது. இக்னேசியஸ் வண்டி நிழலில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியில் பால் விடாத ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தார்.

பூசாரி வினோஜன் வெளியே வந்து, "நீராட்டுக்குத் தண்ணி எடுத்துக் குடுங்க," என்றார்.

ஒருவரும் அசையவில்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோயில் சுவரோரம் குடங்கள் அடுக்கியிருந்தன, எல்லாம் வெறுங்குடம்.

இக்னேசியஸ் டீயைக் கீழே வைத்தார். எழுந்துபோய் ராக்காயியிடம் கேட்டார்.

"அது சாமிக்கு வச்சிருந்த தண்ணியா?"

"ஆமாண்ணே. நூத்தெட்டுக் கொடம். வீட்டுக்கு ஒன்னு. ஒம்பது நாளா அந்தப் பீலியில வரிசையில நின்னு பிடிச்சோம். பிள்ளைங்க தண்ணி கேட்டப்பக்கூட அதுல கை வைக்கல."

"இத ஏன் தங்கச்சி அப்பவே சொல்லல?"

"சொன்னா ஊத்த விட்டிருப்பீங்களா? ஆத்தா வந்து சேரணும்ல. மொதல்ல அதுதானே?"

அவள் குற்றம் சொல்லவில்லை. அதுதான் இக்னேசியஸை அடித்துப் போட்டது. பேனரில் தன் பெயரைப் பார்த்து இளித்தது ஞாபகம் வந்தது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மணியைப் பார்த்தார். பதினொன்று ஆக ஐந்து நிமிஷம் இருந்தது.

"கொடத்தெல்லாம் ஏத்துங்க! கீழ ஆத்துல தண்ணி இருக்கு!" என்று கத்தினார். அடிவாரத்து ஆற்றிலிருந்து குடம் சுமந்து மலை ஏற முடியாது, ஆனால் வண்டி ஏறும்.

வெறுங்குடங்களோடு ட்ரெயிலர் தடதடவென்று இறங்கியது. வண்டியின் பின்தட்டில் ராக்காயியும் பத்துப் பேரும் தொற்றிக்கொண்டு வந்தார்கள். ஆற்றில் இடுப்பளவு இறங்கி, கைக்குக் கை மாற்றி, நூற்றெட்டுக் குடத்தையும் நிரப்பினார்கள். வாயில் வாழையிலை வைத்து அடைத்து, ஆட்டம் கொடுக்காமல் நெருக்கி அடுக்கினார்கள். ரேடியேட்டருக்கும் தண்ணீர் பார்த்துக்கொண்டார் இக்னேசியஸ். எப்படிப் பார்த்தாலும் பாரம் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. கிளம்பும்போது பதினொன்று இருபத்தைந்து. மெதுவாக ஏற நேரமில்லை. உச்சி வெயிலில் மிதித்தார்.

எட்டாம் முடக்கில் முள் சிவப்புக்குள் தலையை நீட்டியது. பின்தட்டில் உட்கார்ந்திருந்த ராக்காயி ஜன்னல் பக்கம் குனிந்தாள். அவளுக்கு இப்போது ஆவியின் வாடையே சொல்லிவிடும்.

"அண்ணே, ஊத்தவா?"

"வேணாம்."

"ஒரே ஒரு கொடம்."

"நூத்தெட்டுன்னா நூத்தெட்டுத்தான் தங்கச்சி. தொடாதீங்க!"

"வண்டிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

இக்னேசியஸ் முள்ளைப் பார்த்தார். என்ன ஆகும் என்று அந்த வண்டியில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மூன்று மாதம் கல்லின் மேல் நின்ற வண்டி கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. யூஜினாவின் முகம் வந்தது. காலை எடுக்கவில்லை.

பத்தாம் முடக்கில் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. மேலே ரோட்டை அடைத்துக்கொண்டு மேல்கணக்கு சனம் முழுக்க நின்றது. வண்டியின் சத்தத்தைக் கேட்டு இறங்கி வந்திருக்கிறார்கள். வண்டிக்கு வழி விட்டு இரண்டாகப் பிரிந்தார்கள், தாண்டியதும் பின்னால் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

"பின்னால வராதீங்க! பாரம் உருண்டுச்சுன்னா நசுக்கிரும்! தள்ளிப் போங்க!" என்று ஜன்னலில் தலையை நீட்டி அலறினார்.

யார் கேட்டது? கண்ணாடியில் பார்த்தார். சனம் மறைத்ததில் ட்ரெயிலரே தெரியவில்லை. ஆண்டியப்பன் தோளைக் கொடுத்திருந்தார். பூசாரி வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மஞ்சள் சேலைகள், பள்ளிக்கூடச் சட்டைகள், நெற்றி ட்ரெயிலரில் முட்டும்படி குனிந்த தலைகள். அதற்குப் பின்னால் ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்து, முடக்கு முடிகிற வரைக்கும் தலைகள்.

எஞ்சினின் தட்டல் நின்றது. பாரத்தில் முக்கி முனகிய சத்தம் போய், காலையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணும்போது கேட்கிற சாதுவான சத்தம் வந்தது. முள் நடுங்கியது. பிறகு மெல்ல, இக்னேசியஸின் கண்ணெதிரே, சிவப்பை விட்டு இறங்கியது.

அவர் மிதித்திருந்த காலைப் பயந்து பயந்து எடுத்தார். வண்டி நிற்கவில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், அது ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இக்னேசியஸ் வாய்விட்டு அழுதார்.