அறுபத்திரண்டு கட்டில்கள்

கட்டில்கள் அறுபத்திரண்டா அறுபத்து மூன்றா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் தம்பி வேலை விண்ணப்பத்தில் அந்த வரியை எழுதிய புதன்கிழமை காலை, அக்காவின் கால்களில் வருடக்கணக்காகப் புடைத்திருந்த நரம்புகள் அவன் கால்களுக்கு மாறிவிட்டன என்பதில் சந்தேகமில்லை.

இருவருக்கும் ஒரே மருத்துவமனை. அக்கா தலைமை நர்ஸ், தம்பி மருந்து ஸ்டோரில் கிளார்க். மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு மாறியபோது எந்த நோயாளியை எப்போது நகர்த்துவது, யாரோடு ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே போக வேண்டும் என்பதையெல்லாம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் திட்டமிட்டவள் அக்கா. தம்பி லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழு மணி நேரத்தில் வேலை முடிந்தது, ஒருவருக்கும் ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை. அடுத்த வருடம் ஒரு கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். "கதவைப் பிடிச்சேன்னு எழுதினா உன்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க. நடத்தினேன்னு எழுதுடா" என்றான் பக்கத்து மேசைக்காரன். அறுபத்திரண்டு நோயாளிகளின் இடமாற்றத்தைத் திட்டமிட்டு நடத்தியதாக அவன் எழுதினான்.

நேர்முகத்தில் எதைக் கேட்டாலும் அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. வேலை கிடைத்தது. அதே வாரம் அக்கா மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கட்டிலில் தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள். மேட்ரன் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளைப் படுக்கை விரிப்புகள் அடுக்கும் துணி அறைக்கு மாற்றினார். "மண்டைதான் காலியாயிடுச்சு. காலு பஞ்சு மாதிரி இருக்குடா" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள் அக்கா.

தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வேலையைச் செய்தது என் அக்கா என்று கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். நாலாவது வரியில் இடது காலின் நரம்புகள் அடங்கின. போன் அடித்தது, அக்காதான்.

"டேய், பதினேழாம் கட்டிலைக் கடைசியாத்தான் எடுக்கணும். அவருக்கு லிஃப்ட்டுன்னா பயம். இது ஏன்டா இப்ப ஞாபகம் வருது?"

அடுத்த மாதம் அவன் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். "ஏதாவது கனவு கண்டிருப்பக்கா" என்று சொல்லிக் கடிதத்தை நாலாகக் கிழித்தான். நரம்புகள் திரும்ப எழும்பின.

"என்ன சொல்லிட்டிருந்தேன் நான்?" என்றாள் அக்கா.

பதினொரு வருடம் ஆகிறது. பக்கத்து மேசைக்காரன் வேறு ஊருக்குப் போய்விட்டான். மேட்ரன் காலமானார். தம்பி கம்பெனியில் மேலிருந்து மூன்றாவது ஆளாக இருக்கிறான். அக்கா துணி அறையிலிருந்தே ஓய்வு பெற்றாள். தன் தம்பி ஒரு ஆஸ்பத்திரியையே ஒரே நாளில் தூக்கி வைத்த கதையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் உட்காருவதில்லை.