தலைவர் வள்ளம் எடுக்கவில்லை

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கொன்ஸ்ரன்ரைனுக்கு மூக்கு நுனியில் கோபம். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், அதனால் அந்த மூக்குக்கு முன்னால் யாரும் போய் நிற்பதில்லை. றோய் போய் நின்றான். சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஓர் அரசியல்வாதி வலை கொடுக்க வந்திருந்தார். மாலை போட்டு, நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து முடிந்த நேரத்தில் றோய் எழும்பி, "ஐயா, தேர்தல் முடிஞ்சாப் பிறகு உங்களை எங்க வந்து பிடிக்கிறது?" என்று கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வந்தவர் சிரிக்கவில்லை.

சங்கத்துக்குள் அரசியல் கதைக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அரசியல்வாதிக்கு மாலை போடுவது மட்டும் அரசியல் இல்லையாம். அதை யாரும் கேட்கவில்லை, கேட்டால் அதுவும் அரசியலாகிவிடும். தலைவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த மாதம் முடியும்வரை றோயின் வள்ளம் கடலில் இறங்கக்கூடாது.

இரண்டு பிள்ளைகளின் தகப்பனான றோய்க்கு இதனால் வயிற்றெரிச்சல். ஆதாயம் அடைந்தவள் ஒருத்திதான், அவள் தலைவரின் சொந்த மகள். கிருஷிகாவுக்கு மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைபேசிக் கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் 'அலைவேட்டை'. கைபேசியில் வள்ளம் ஓட்டிச் சண்டை பிடிக்கும் விளையாட்டு அது. நான்கு பேர் கொண்ட அவளுடைய அணியில் றோயும் ஒருவன், மற்ற இருவர் அடம்பனில் இருக்கும் அக்காவும் தங்கையும். நிசக் கடலில் இறங்க முடியாத றோய் பொய்க் கடலிலேயே கிடந்து பழகியதில் அணி அரையிறுதிவரை வந்து, அதிலும் வென்றுவிட்டது. அடுத்தது இறுதியாட்டம். கிருஷிகாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு ஆசை.

வென்ற கையோடு, நேரலையில் அறிவிப்பாளர் ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டார். தகப்பனின் வாய் மகளுக்கும் இருக்குமல்லவா? "இழுவைப்படகுகள் வந்து எங்கட வலையளை அறுத்துக்கொண்டு போகுது. கதிரையில இருக்கிறவை ஒருக்காலாவது கடலைப் பாருங்கோ" என்றாள்.

மறுநாள் காலையில் விளையாட்டை நடத்தும் 'நீலச்சங்கு' கம்பெனி அறிவித்துவிட்டது. அரசியல் பேசிய குற்றத்துக்காகக் கிருஷிகா ஒரு வருடத்துக்கு விளையாடக்கூடாது. இறுதியாட்டமும் இல்லை.

கொன்ஸ்ரன்ரைன் விறாந்தையில் நின்று குதித்தார். "கேட்டதுக்குப் பதில் சொன்னாத் தண்டனையோ? வாயைத் திறந்தாத் தொழிலை நிப்பாட்டுறதோ? இதென்ன அநியாயம்! இவங்களுக்குச் சூடு சுரணை இல்லையோ?"

அவருடைய மனைவி அருள்நாயகி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, முற்றத்துக்கு அப்பால் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த றோயின் வள்ளத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் குதியுங்கோ" என்றாள்.

விளையாடுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய்த் திட்டினார்கள், திட்டத் திட்டக் கம்பெனி அழித்தது. அப்போதுதான் கிருஷிகாவுக்கு யோசனை வந்தது. அவர்களுடைய ஊரில் ஒருவர் கடலில் காணாமற் போனால், அவர் கிடைக்கும்வரை ஒரு வள்ளமும் தொழிலுக்கு இறங்காது. தேடத்தான் போவார்கள். "நானும் இப்ப காணாமப் போன ஆள்தானே" என்று அவள் எழுதிப் போட்டாள்.

அலைவேட்டையில் எல்லா வள்ளமும் கரையை விட்டால்தான் ஆட்டம் தொடங்கும். ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும். அன்று பின்னேரமே மன்னாரிலும் நீர்கொழும்பிலும் விளையாடுகிறவர்கள் உள்ளே வந்து வள்ளத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு இருந்தார்கள். இறுதியாட்டத்தில் எதிரணியாக ஆட வேண்டிய இராமேஸ்வரத்துப் பையன்கள் என்ன செய்வார்களோ என்று அவள் பயந்தாள். இழுவைப்படகுகள் அந்தக் கரையில் இருந்துதானே வருகின்றன! ஆனால் அவர்களில் ஒருவன், "எங்கப்பாவும் நாட்டுப்படகுதான்கா. அந்த இழுவைப்படகு எங்க வலையையும் சேர்த்துத்தான் அறுக்குது" என்று எழுதிவிட்டு, தன் வள்ளத்தையும் நிறுத்தினான். விளையாட்டுப் பார்க்க வந்தவர்கள் அடுத்தடுத்த நாட்களிலும் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கம்பெனிக்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

கடைசியில் கம்பெனியின் சார்பில் ஒருவர் கிருஷிகாவின் கைபேசிக்கு எடுத்தார். பெயர் நௌஷாட். அவள் வாய் திறப்பதற்குள் தகப்பன் கைபேசியைப் பறித்துவிட்டார். அவளும் தடுக்கவில்லை. சத்தமில்லாமல் எட்டி, அவர் கையில் இருந்த கைபேசியில் ஒலிபெருக்கியையும் நேரலையையும் தட்டிவிட்டாள்.

"நான் சங்கத் தலைவர் கதைக்கிறன். ஒரு மனிசர் தன்ர கஷ்டத்தைச் சொன்னா அதுக்குத் தண்டனை குடுக்கிறது எந்த ஊர் நியாயம்?"

"சேர், எங்கட விதி அப்பிடி. விளையாட்டுக்குள்ள அரசியல் கதைக்கக்கூடாது."

"விதியாம் விதி! விதியை எழுதினவன் ஒருநாளாவது கடலில நிண்டிருப்பானோ?"

நௌஷாட் மரியாதை குறையாமல் சொன்னார்: "சேர், எனக்கு எருக்கலம்பிட்டிதான் ஊர். வாப்பா மன்னார்ச் சந்தையில மீன் யாவாரம். உங்கட சங்கத்திலயும் இதே விதி இருக்காமே? றோய் எண்டவர்ட வள்ளம் இன்னும் கரையிலதானாம்?"

கொன்ஸ்ரன்ரைன் மகளைப் பார்த்தார். அவள் கூரை முகட்டைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்போதுதான் கைபேசியில் பார்க்கிறவர்களின் சிரிப்புக் குறிகள் வரிசையாக ஏறுவதைக் கண்டார். ஊர் உலகம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது! வாயைக் கொடுத்து நன்றாக மாட்டிக்கொண்டார்.

"றோயை நான் மன்னிச்சாச்சு" என்றார், அந்த நிமிடத்தில் மன்னித்தபடி. "நாளைக்கு அவன் தொழிலுக்குப் போவான்."

"அப்ப நாங்களும் தங்கச்சியை மன்னிக்கிறம் சேர்" என்றார் நௌஷாட். பாவம், அவருக்கும் விடிவு வேண்டியிருந்தது.

இறுதியாட்டம் கிடைத்துவிட்டது. தகப்பன் வெற்றிவீரர் போல மீசையைத் தடவினார். கிருஷிகாவின் முகம் மட்டும் மலரவில்லை. "மன்னிக்கிறதுக்கு நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாள். அவர் எழும்பிக் கரைக்குப் போய்விட்டார்.

இறுதியாட்டம் சனிக்கிழமை காலையில். றோய் விடிய முன்னம் கடலுக்குப் போனவன், நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனான். ஆனால் அவ்வளவு நாளும் காத்துக் கிடந்தவனுடைய வலையில் பாரை மொத்தமாக விழுந்துவிட்டது. "தலைவர், மீனை விட்டிட்டு வரச் சொல்லுறீங்களோ?" என்று நடுக்கடலில் இருந்து போன் எடுத்தான். எந்தச் சங்கத் தலைவரும் அதற்கு ஓம் என்று சொல்ல மாட்டார். நான்கு பேர் இல்லாமல் ஆட விடமாட்டார்கள். ஆகவே றோயின் இடத்தில் கொன்ஸ்ரன்ரைன் உட்கார்ந்தார்.

"அப்பா, எதை அமத்தோணும் எண்டு காட்டித் தாறன்."

"பிறந்ததில இருந்து கடலில நிக்கிறவனுக்கு நீ வள்ளம் எடுக்கக் காட்டித் தாறியோ?"

ஆட்டம் தொடங்க மணி அடித்தது. எல்லா வள்ளமும் கடலில் இறங்கின, ஒன்றைத் தவிர. கொன்ஸ்ரன்ரைன் அகப்பட்டதையெல்லாம் அமத்தினார். வள்ளம் ஊதியது, விளக்கை ஏற்றியது, நங்கூரத்தைத் தூக்கித் திரும்பவும் போட்டது. அசையவில்லை.

"தலைவர் வள்ளம் எடுக்கவில்லை!" என்று அறிவிப்பாளர் கத்தினார். "தலைவரின் கோபம் இன்னும் ஆறவில்லை!"

இதைக் கேட்டதும் இராமேஸ்வரத்துப் பையன்கள் தங்கள் வள்ளங்களைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அடம்பன் அக்காவும் தங்கையும் பின்னால் வந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அருள்நாயகியின் கைபேசிக்கு நௌஷாட் எடுத்தார், அவள் அதைக் கணவனின் காதோடு பிடித்தாள். நௌஷாட்டின் குரல் அழுகிற பதத்தில் இருந்தது.

"சேர், இன்னும் என்ன சேர் வேணும்?"

எந்தப் பொத்தானை அமத்துவது என்று கேட்கத்தான் கொன்ஸ்ரன்ரைன் வாயைத் திறந்தார். ஆனால் அத்தனை பேர் நேரலையில் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு சங்கத் தலைவர் அதையா கேட்பது? பக்கத்தில் மகளின் முகம், அந்த மலராத முகம், தெரிந்தது. அவருக்கு மனம் சுட்டது.

"என்ர பிள்ளைக்கு மன்னிப்பு வேண்டாம்" என்றார். "அவள் பிழை செய்யேல்லை. விதிதான் பிழை. அதை எடுங்கோ."

அவருக்கே அது நியாயமாகப் பட்டது. கிருஷிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நௌஷாட் மேலிடத்தோடு கதைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். "எடுக்கிறம் சேர். ஒருத்தர் தன்ர கருத்தைச் சொன்னதுக்கு இனித் தண்டனை இல்லை. இப்பவே அறிவிக்கினம். ஆனா இந்த நிமிசத்துக்குள்ள வள்ளம் இறங்காட்டி ஆட்டம் ரத்து. தயவுசெய்து இறக்குங்கோ!"

திரை சிவப்பாக மின்னத் தொடங்கியது. கொன்ஸ்ரன்ரைன் மகளின் காதுக்குள் குனிந்தார். "பிள்ளை, எதை அமத்திறது?"

கிருஷிகா விரலை நீட்டினாள். பொத்தானுக்குக் கிட்டப் போய், நிறுத்திக்கொண்டாள்.

"எங்கட சங்கத்து விதி?"

"இப்ப இதையோ கதைக்கிறது! நேரம் போகுது, அது உன்ர ஆட்டம்!"

"தெரியும்" என்றாள். விரல் நகரவில்லை.

"எடுத்தாச்சு! சங்கத்திலயும் எடுத்தாச்சு!"

"சத்தமாச் சொல்லுங்கோ அப்பா. எல்லாரும் கேக்கினம்."

தலைவர் பொதுக்கூட்டத்துக் குரலில் சொன்னார். அது இராமேஸ்வரம்வரை கேட்டது. கிருஷிகா பொத்தானை அமத்தினாள். வள்ளம் ஒரு பாய்ச்சலில் கடலில் இறங்கி, நேரே போய், மகளின் வள்ளத்தை இடித்து மூழ்கடித்தது.