இருமப் பயந்த தம்பி

தம்பிக்கு வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து நான்கு நாளாகியிருந்தது. அக்கா அந்த நான்கு நாளையும் கட்டிலோரம் உட்கார்ந்தபடியே ஓட்டினாள். தையற்கடையில் முப்பது வருடம் குனிந்து ஏற்கெனவே பழுதான முதுகு. இப்போது உட்கார்ந்தாலும் வலித்தது, எழுந்தாலும் வலித்தது.

அவன் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஐம்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் காட்சி கிடையாது. சிகரெட்டை விட்டால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொன்னதால், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருந்தான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

இருமச் சொன்னால் இரும மாட்டான். பந்துகள் உள்ள பிளாஸ்டிக் குழாயில் மூச்சை இழுக்கச் சொன்னால், முதல் பந்து லேசாக அசைந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

"எந்திரிச்சு நாலு எட்டு நடடா."

"நாளைக்கு நடக்கறேன் அக்கா."

"உன் நாளைக்கு எந்த வருஷத்துல வருது?"

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் சளி கட்டியிருப்பது தெரிந்தது. மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, வலி மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டாள்.

"நானேதாம்மா வேளாவேளைக்கு கையில குடுக்கறேன்" என்றபடி அக்கா தலையணையைச் சரிசெய்தாள். உறைக்குள்ளிருந்து காகிதத்தில் சுருட்டிய எட்டு மாத்திரைகள் விழுந்தன.

திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "ஏன்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் சுவரைப் பார்த்தான். "இது பழக்கமாயிடும்னு பக்கத்து பெட்காரர் சொன்னாரு. ஒண்ணை விட்டதே பெரும்பாடு. இன்னொண்ணு தொத்திக்கிட்டா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ தூங்கியே நாலு நாளாச்சு."

அக்கா குனிந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அந்தப் பெண்தான் பேசினாள். "அண்ணே, வலிச்சா நீங்க மூச்சை இழுக்க மாட்டீங்க, இரும மாட்டீங்க. இருமலைன்னா சளி அடியிலயே தங்கிடும். டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நாளைக்குப் போட்டா பழக்கமாகுமோன்னு பயப்பட வேண்டாம். நாங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். பயமா இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க, தலையணைகிட்ட சொல்லாதீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகித் துடித்துப்போனான். அந்தப் பெண் நர்ஸிடம் சொல்லிப் புதிதாக ஒரு மாத்திரை கொடுக்கவைத்து, முக்கால் மணி நேரம் கழித்து, தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி இருமவைத்தாள். மஞ்சளாகச் சளி வந்தது. அக்கா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்க நான்கு நாள் பிடித்தது. ஏழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது தள்ளிப்போயிற்று. கடையிலிருந்து போன்மேல் போன் வந்தது. அக்கா எடுக்கவில்லை. காலையும் மாலையும் அவன் தோளைப் பிடித்து நடைவழியில் நடத்தினாள்.

பத்தாம் நாள் மாலை, பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். "நீ போயிட்டு வாடா. என்னால முடியல." சொல்லிவிட்டு அங்கிருந்த பெஞ்சில் சாய்ந்தாள்.

அவன் சுவர்க் கம்பியைப் பிடித்தபடி கடைசி ஜன்னல்வரை தனியாகப் போனான். இரண்டு முறை நின்று மூச்சு வாங்கித் திரும்பி வந்தபோது, அக்கா வாய் லேசாகத் திறந்திருக்க அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை ஜன்னல்வரை நடந்தான்.