எர்த் போல்ட்

'காலி டேங்க்' மாமா தன் காரை ஷெட்டுக்குள் விட்டு இறங்கியபோது எலக்ட்ரீஷியன் தலை நிமிரவில்லை. வந்தது அக்கா புருஷன்தான். ஆனாலும் பத்து மாதமாக இவன் அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'காலி டேங்க்' என்று பட்டம் சூட்டியவனும் இவன்தான். அது குடும்பம் முழுக்க ஒட்டிக்கொண்டு, இப்போது அக்காவே புருஷனை அப்படித்தான் சொல்கிறாள். அவள் பத்து மாதமாகத் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

"ஓடிட்டு இருக்கும்போதே நின்னுடுது மாப்ள. கொஞ்ச நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆகுது."

"வேற மெக்கானிக்கே கிடைக்கலையா உங்களுக்கு?"

"நீ பாத்தாத்தான் சரியா இருக்கும்."

இந்தப் பேச்சுக்கு மயங்காத மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை. "விட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வாங்க," என்றான்.

பத்து மாதத்துக்கு முன், நெஞ்சுவலி என்று துடித்த அப்பாவை மாமா இதே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மேம்பாலத்தின் நடுவில், நெரிசலுக்குள், வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஆம்புலன்ஸ் நெரிசலின் வாலில் கிடந்து அலறியது. போன் வந்ததும் பைக்கில் பறந்துபோன இவன் சாவியைத் திருப்பிப் பார்த்தான். பெட்ரோல் முள் காலியில் கிடந்தது. "மீட்டரை நம்பாதே, டெஸ்ட் லைட்டை நம்பு" என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவன் அன்று, கரண்ட் வருகிறதா என்று காட்டும் அந்த டெஸ்ட் லைட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோலுக்கு ஓடினான். திரும்பி வந்து ஊற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது, அப்பாவும் போயிருந்தார்.

"முந்தின நாள்தான் பாதி டேங்க் போட்டேன்," என்று மாமா சத்தியம் செய்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்கும்போதே, "முள்ளை என் கண்ணால பாத்தேன். டேங்க் காலி. இந்த மனுஷனோட கஞ்சத்தனம் எங்கப்பாவ கொன்னுடுச்சு," என்று இவன் கத்தினான். வண்டி விஷயத்தில் இவன் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அன்றைக்கே அக்கா பெட்டியைக் கட்டினாள்.

இப்போது அதே வண்டியில் ஸ்கேனரை மாட்டினான். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்றது. பெட்ரோல் வரும் குழாயில் பிரஷர் கேஜை மாட்டி இன்ஜினை ஓடவிட்டான். இருபது நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு கேஜ் இறங்கத் தொடங்கியது. இன்ஜின் இருமியது. நின்றது. தற்செயலாக டேஷ்போர்டைப் பார்த்தான். பெட்ரோல் முள் காலியில் கிடந்தது.

டேங்க் மூடியைத் திறந்தான். கழுத்து வரை பெட்ரோல்.

பெட்ரோல் பம்புக்கும் முள்ளுக்கும் எர்த், கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வயர், ஒன்றுதான். எர்த் விட்டுப்போனால் பம்பும் சாகும், முள்ளும் சாயும். கொஞ்சம் ஆறினால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும். அன்று கேனில் பெட்ரோல் வாங்கி வர ஆன நேரம் அதற்குத் தாராளம்.

பின் சீட்டைக் கழற்றி, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் நீட்டி, மறுமுனையைப் பம்பின் எர்த்தில் மாட்டிவிட்டு சாவியைத் திருப்பினான். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் நான்கு வோல்ட். எர்த் வயரின் வளையத்தை யாரோ பெயிண்டைச் சுரண்டாமல், அதன் மேலேயே வைத்து போல்டை முடுக்கியிருந்தார்கள். எந்த மடையன் வேலை என்று திட்ட வாயெடுத்தபோதுதான் கண்ணில் பட்டது: வயரில் சுற்றிய டேப் பிரியாமலிருக்க நுனியில் கட்டிய நீல நூல். இந்தத் தொழிலில் அப்படி நூல் கட்டுகிறவன் இவன் ஒருவன்தான்.

நினைவு வந்தது. அப்பா சாவதற்கு இரண்டு மாதம் முன், துருவுக்கு ஒட்டுப்போட்டு பெயிண்ட் அடித்து வந்த வண்டிக்கு இவன்தான் வயர் இழுத்தான். வாசலில் வேறு வண்டிகள் நின்றன. அக்கா வீட்டு வேலைதானே என்று அவசரமாக முடுக்கிவிட்டு எழுந்துவிட்டான்.

உப்புத்தாளை எடுத்து, தகரம் பளபளக்கிறவரை பெயிண்டைத் தேய்த்தான். நூலை அறுத்தான். வளையத்தை வைத்து போல்டை இறுக்கினான். சீட்டைப் போட்டு மூடினான்.

சாயங்காலம் மாமா வந்தார்.

"பம்ப் ரிலே போயிருந்துச்சு மாமா. மாத்திட்டேன்."

"ரிலேவா?"

"ஆமா."

"நல்லா பாத்தியா மாப்ள? ரிலேதானா?"

"நான் பாத்து தப்பாகுமா?" வாய் கூசாமல் சொன்னான்.

மாமா செல்போனை எடுத்துப் படம் ஒன்றைக் காட்டினார். அதே போல்ட், சுற்றிலும் சுரண்டாத பெயிண்ட், நீல நூல். "ஆறு மாசம் முன்னாடி ஒருத்தர் கண்டுபிடிச்சுக் காட்டினாரு. தொடவேணாம்னுட்டேன். நான் சொன்னா உங்கக்கா நம்பமாட்டா. நீ சொன்னா நம்புவா. நீயே பாக்கட்டும், நீயே சொல்லட்டும்னுதான் வழியெல்லாம் நின்னு நின்னு ஓட்டினேன். இன்னிக்கு டேங்க் நிரப்பிட்டு வந்தேன், முள்ளப் பாத்ததுமே உனக்குப் புரியணும்னு."

மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தான். "அக்காகிட்ட படத்தக் காட்டிடாதீங்க மாமா," என்று வந்தது.

மாமா செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஏறி சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பில் கிளம்பிற்று. "வேலை சுத்தமா பண்ணிருக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் அக்காவிடமிருந்து போன். "வண்டி வந்துச்சாமே. என்னடா ஆச்சு அதுக்கு?"

"ரிலேக்கா. ஓடும்போதே நிக்குதுன்னாரு."

அக்காவின் குரல் மாறியது. பத்து மாதமாக அவளிடம் கேட்காத குரல். "அப்போ... அன்னிக்கும் அந்த ரிலேயாத்தான் இருக்குமாடா? அவரு பெட்ரோல் போட்டுத்தான் இருந்தாரோ?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்தப் பொய்யே அவளை வீடு சேர்த்துவிடும். ஆனால் முள்ளைப் பார்த்து நீ ஏன் அப்படித் தீர்ப்புச் சொன்னாய் என்று அடுத்து கேட்பாள். தோண்ட ஆரம்பித்தால் விடமாட்டாள்.

"அது வேற, இது வேறக்கா," என்றான். "அன்னிக்கு டேங்க் காலிதான்."

"சரிடா," என்று அக்கா போனை வைத்தாள். இவன் சொன்னால் அவள் நம்புவாள்.