இரும்புக்காரரின் ஆயுள் கணக்கு

எண்பத்தைந்து வயது வரைக்கும் ராகவனுக்குச் செத்துப்போக நேரமில்லை. விளையாட்டுப் பேச்சில்லை, கணக்குப் போட்டே வைத்திருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. மகள் பிரதீபாவுக்குப் பத்தொன்பது. அது உடம்புக்கு; புத்திக்கு ஆறோ ஏழோதான் என்று செங்கல்பட்டு டாக்டர் என்றைக்கோ சொல்லிவிட்டார். ‘நமக்கப்புறம் இவளை யார் பாத்துப்பாங்க?’ என்ற கேள்வி அந்தக் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் சோறு தண்ணி மாதிரி தினமும் புழங்கியது. ராகவன் அதற்கு ஒரே ஒரு பதில்தான் கண்டுபிடித்திருந்தார்: அந்த ‘அப்புறத்தை’த் தள்ளிப்போடுவது.

மனுஷருக்கு உத்தியோகம் இரும்பின் ஆயுளைச் சோதிக்கிற லேபில். உலைக்குள் ஒரு கம்பியைத் தொங்கவிட்டுப் பாரம் கட்டுவார்கள். எத்தனை ஆயிரம் மணி நேரத்தில் அது நீண்டு நீண்டு அறுந்துபோகிறது என்று குறித்துவைப்பார்கள். பாரத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஆயுள் பல மடங்கு ஏறும். சூட்டையும் குறைத்தால் இன்னும் ஏறும். முப்பது வருஷம் இதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சும்மா இருப்பாரா? தன்னையே ஒரு கம்பியாக நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

அரை வயிறு போட்டு வளர்த்த எலிகள் நெடுநாள் வாழ்கின்றன என்று ஏதோ பத்திரிகையில் படித்தார். மறுநாளே சின்னத் தராசு ஒன்று வந்தது. சாதத்தை நிறுத்துத்தான் தட்டில் போட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின்னால் விட்டமின் மாத்திரை. சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தாயிற்று. மாடிப்படி கிடையாது, வெயில் கிடையாது, காய்கறிப் பையைத் தொடுவதுகூடக் கிடையாது.

“லோடு குறையணும் பார்வதம். லோடு குறைஞ்சா லைஃப் கூடும்” என்பார்.

பார்வதம் படாளத்துக்காரி, கழனியில் இறங்கி வளர்ந்தவள். “இரும்புக்குச் சரிங்க. எலும்புக்கு?” என்று ஒருநாள் கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செவிடன் காதில் எத்தனை நாள்தான் சங்கு ஊதுவது? அவளும் பேச்சை விட்டுவிட்டு, விடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்வரத் தொடங்கினாள். கேட்டால் கோயில் என்பாள். கோயிலுக்குப் போய்வருகிறவர்களின் துணியில் இத்தனை மணல் எப்படி என்று, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கத் தெரிந்த அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசி மாதம், குளியலறையில் குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை. பார்வதம்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவிட்டாள்.

டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்தார். “வியாதி ஒண்ணுமில்ல சார். சதை கரைஞ்சுபோச்சு. வேலையே குடுக்காத கால் எப்படி நிக்கும்?”

ராகவன் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டிய உடம்பு, இருபத்தொன்பது மாதம் தாங்குமா? மறுநாள் காலை, “கோயிலுக்கு நானும் வரேன்” என்று கிளம்பினார். சாமியைத் தவிர வேறு போக்கிடம் தெரியவில்லை. பார்வதம் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். “வாங்க” என்றாள்.

ஆட்டோ போய் நின்றது சதுரங்கப்பட்டினம் குப்பத்தில். கடலில் கரைவலை போட்டிருந்தார்கள். வலையின் இரண்டு கயிறுகளும் கரைக்கு வந்திருக்க, கயிற்றுக்குப் பதினைந்து பேராக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்வதம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஒரு கயிற்றைப் பிடித்தாள். அவளுக்கு முன்னால், குதிகாலை மணலில் புதைத்து, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து, பிரதீபா.

குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவருகிற தனக்கோடி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “ஆறு மாசமா வந்துகினு கீது சார். நாந்தான் இட்டாந்தேன். இப்பல்லாம் வல இஸ்க்க ஆளு எங்க கீது? பாப்பா புட்சா வுடாது.”

ராகவனின் கண் மகள்மேலேயே நின்றது. கை பிடிக்காமல் தெருவைத் தாண்டத் தெரியாத பெண். அந்த ஈரக் கயிற்றில் ஒரு கடலே எதிர்ப்பக்கம் இழுத்தது. அவள் கெண்டைக்கால் திரண்டு திரண்டு இறங்கியது. ஐம்பத்திரண்டு வயது பார்வதத்தின் தோளைப் பார்த்தார். கல்யாணத்தின்போதுகூட அது இப்படி இறுகி இருந்ததில்லை. பாரம் ஏற ஏற ஆயுள் கூடுகிற ஒரு பொருளை முப்பது வருஷத்தில் எந்த உலையிலும் அவர் கண்டதில்லை. இத்தனை நாளும் அது அவர் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

வலை கரையேறியது. கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் மீனில் பங்கு என்பது அங்கே வழக்கம். வலைக்காரர் தேசப்பன் கூறு வைத்துக்கொண்டே வந்தார். “இது அம்மாவுது. இது பாப்பாவுது.” இரண்டும் தனித்தனிக் கூறு. பிரதீபா தன்னுடையதைத் தானே, விற்றுத் தரும் தனக்கோடியின் கூடையில் அள்ளிப் போட்டாள்.

அன்றிலிருந்து தராசு பரண் மேல் போயிற்று. ராகவன் முழுச் சோறு தின்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. சதை திரும்பலாம், எண்பத்தைந்துகூட வரலாம். அதற்கப்புறமும் ஒரு ‘அப்புறம்’ இருக்கத்தானே செய்யும்.

பத்து நாள் கழித்துப் பிரதீபாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் குப்பத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ராகவன் திறந்தார். தேசப்பன் நின்றிருந்தார், முழங்கால் வரை மணலோடு.

“பாப்பாக்கு இன்னா சார் ஆச்சு? ரெண்டு நாளா காணோமே.”

“காய்ச்சல். இப்போ பரவாயில்லை.”

“ஒரு கை கொறையுது சார். அது எடத்துல நின்னா எவனுக்கும் தோதுப்படல. ஒடம்பு தேறட்டும், மெதுவா வரட்டும். எடம் அப்படியே கீது.”

பள்ளிக்கூடங்கள் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு அவளை விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கதவைத் தட்டி அவளைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.  ராகவன் வந்தவரை உட்காரச் சொல்லவும் மறந்து உள்ளே திரும்பினார்.

“பார்வதம்” என்றார். “நம்ம பொண்ணைத் தேடி ஆள் வந்திருக்கு.”